தொப்பூர் வரை மாந்தோப்பு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். வந்தால் யார் மேல் வருகிறது என்றும் பார்க்காது. அந்த வெள்ளிக்கிழமை காலை அது என் கணினி மேல் வந்தது.

"இளம்பரிதி, கொஞ்சம் இங்க வாங்க" என்று சந்தியா மேடம் கூப்பிட்டார். மேடம் எங்கள் திட்டத்தின் தலைவர். தருமபுரி மாவட்டத்தில் சோலார் மின் நிலையம் எங்கே வைக்கலாம், எங்கே வைக்கக் கூடாது என்று செயற்கைக்கோள் படத்தைக் கொண்டு கணக்குப் போட்டு வரைபடம் தயாரிப்பது எங்கள் வேலை. அதாவது மேடம் கூட்டங்களில் பேசுவார், நான் வரைபடம் போடுவேன்.

திரையில் நான் போட்ட வரைபடம் இருந்தது. மாவட்டம் முழுக்க ஒரே ஆரஞ்சு.

"இந்த ஆரஞ்சுக் கலர் என்ன?"

"மாந்தோப்பு மேடம்."

"இது?"

"அதுவும் மாந்தோப்புதான்."

"இது தொப்பூர் கணவாய். லாரி நிறுத்தற இடம். நேத்து நான் அங்கதான் டீ குடிச்சேன். எந்த மாமரத்துல சாஞ்சுக்கிட்டுக் குடிச்சேன்னு கொஞ்சம் சொல்லுங்களேன்."

நான் கோபத்தில் மவுஸை ஒரு தட்டுத் தட்டினேன். பேசினால் வம்பு.

"மாவட்டத்துல நூத்துக்கு அறுபது பங்கு மாந்தோப்புன்னு உங்க மேப் சொல்லுது. சரி, சோலாருக்கு எத்தன இடம் தேறுச்சு?"

"மூணு மேடம்."

"என்னென்ன?"

"ஒரு கிரிக்கெட் மைதானம். ஒரு சுண்ணாம்பு அடிச்ச சுடுகாடு. அப்புறம் ஒரு கோழிப்பண்ணையோட தகரக் கூரை."

மேடம் கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்தார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் யாருக்கோ வேலை போகப்போகிறது என்று அர்த்தம். அந்த அறையில் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம்.

"இது ஏற்கெனவே கலெக்டர் ஆபீசுக்குப் போயாச்சு. திங்கக்கிழமை கூட்டம். சோலாருக்கு நிலத்த குத்தகைக்குக் குடுக்க மனுப் போட்ட விவசாயிங்க எல்லாரும் வராங்க. அனுப்பின மேப்ப இனிமே மாத்தணும்னா காரணம் எழுதிக் குடுக்கணும். மாந்தோப்புக்கு எந்த இடத்த மாதிரிக்கு எடுத்தீங்களோ அங்க நேர்ல போங்க. போட்டோ எடுங்க. அந்த நிலத்துல நெஜமா என்ன இருக்குன்னு ஓனர்கிட்ட எழுதி கையெழுத்து வாங்கிட்டு வாங்க. இல்லாட்டி மாசக் கடைசியில உங்க கான்ட்ராக்டப் புதுப்பிக்கச் சொல்லி என்னால யார்கிட்டயும் கேக்க முடியாது."

ஓனர் யார் என்று மேடம் கேட்காதது நல்லதாயிற்று. ஏனென்றால் மாதிரிக்கு எடுத்த அந்த இடத்தின் ஓனர் என் மாமனார்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கணினிக்குத் தானாக ஒரு மண்ணும் தெரியாது. படத்தின் மேல் ஒரு கட்டம் போட்டு, "இந்தா பார், இதுதான் ஏரி", "இதுதான் ராகிக் காடு" என்று நாம் காட்ட வேண்டும். அது அந்த நிறத்தையும் மினுக்கத்தையும் மனப்பாடம் செய்துகொண்டு, மாவட்டம் முழுவதும் தேடி அதே மாதிரி இருப்பதற்கெல்லாம் அதே பெயரை வைக்கும். ஒவ்வொன்றுக்கும் ஐம்பது இடமாவது நேரில் பார்த்துக் காட்ட வேண்டும் என்பது விதி. மற்ற எல்லாவற்றுக்கும் அப்படித்தான் செய்தேன், சத்தியமாக. மாந்தோப்புக்கு மட்டும் ஒரே ஒரு கட்டம் போட்டேன். நம் வீட்டுத் தோப்பு நாலு ஏக்கர் இருக்கும்போது ஊரான் தோப்புக்குப் போய் எதற்கு வெயிலில் நிற்க வேண்டும்?

என் மாமனார் பெயர் சென்னப்பன். கல்யாணப் பத்திரிகையில் "மாந்தோப்பு சென்னப்பன்" என்றே அச்சடித்திருந்தார். ஓமலூரிலிருந்து போன எங்கள் சனம் அந்த ஒரு வார்த்தைக்கே வாயைப் பிளந்துவிட்டது. கல்யாணமாகி நாலு வருடமாக, சீசன் வந்தால் கூடை நிறையப் பழம் வந்துவிடும். "நம்ம தோப்புப் பழமுங்க மாப்ள" என்று அவரே சுமந்து வருவார். நானும் இரண்டு கையாலும் தின்பேன். ஆனால் தோப்பைப் பார்க்கலாம் என்று கிளம்பினால் ஏதாவது ஒன்று குறுக்கே வந்துவிடும். ஒரு வருடம் பாம்பு. ஒரு வருடம் மருந்து அடித்திருந்தார்கள். போன வருடம் கேட்டதற்கு, "தோப்புல இப்ப முனி எறங்கியிருக்குதுங்க, மாப்ளைங்க வரக்கூடாதுங்க" என்றார். மாப்பிள்ளைகளைக் கண்டால் மட்டும் ஆகாத முனி.

படத்தில் அந்த இடம் பழுப்பாகத் தெரிந்தது உண்மைதான். கோடையில் இலை உதிர்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். மாமரம் அப்படி மொட்டையாக இலை உதிர்க்காது என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் படித்தது கணினி வரைபடம். எனக்குத் தெரிந்த மாங்காய் தட்டில் வருவது. இப்போது பழுப்பாக, கரடுமுரடாக எதைக் கண்டாலும் கணினி மாந்தோப்பு என்கிறது. உண்மையான மாந்தோப்புகளை வனம் என்று எழுதி வைத்திருக்கிறது. தரிசு நிலத்துக்கு நான் காட்டியவை எல்லாம் வெள்ளைக்கல் குவாரிகள் என்பதால், வெள்ளையாகத் தெரிந்த மூன்று இடங்கள்தான் சோலாருக்குத் தேறின.

மாமனாருக்குப் போன் போட்டேன்.

"மாமா, நம்ம தோப்பப் பாக்க வரணுங்க. ஆபீஸ் வேலை."

"எந்தத் தோப்புங்க?"

"நம்ம மாந்தோப்புதானுங்க."

அந்தப் பக்கம் ஒரு இருமல். "ஓ, நம்ம தோப்பா! வாங்க, வாங்க. நாளைக்கு வேண்டாமுங்க. ஞாயித்துக்கிழமை வாங்க. நாளைக்கு... நாளைக்கு மரமெல்லாம் கொஞ்சம் சோந்து கெடக்கும்."

மரம் சோர்ந்து கிடக்குமாம். எனக்கு அப்போதே பொறி தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பைக்கில் இண்டூர் தாண்டி, மேற்கே பாறைக் கரட்டின் அடிவாரத்துக்குப் போனேன். மாமனார் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு நிலத்தின் வாசலிலேயே நின்றார். உள்ளே பார்த்தேன். மரங்கள் இருந்தன! நாற்பது மரம் இருக்கும். வரிசை பிடித்து, என் தோள் உயரத்துக்கு, பச்சைப் பசேலென்று. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

பக்கத்தில் போனதும் வந்த உயிர் மறுபடியும் போய்விட்டது. ஒவ்வொரு மரமும் பாறை வெடிப்பில் செருகப்பட்டு, சரியாமல் இருக்கச் சுற்றிலும் கல் முட்டுக் கொடுக்கப்பட்டிருந்தது.

"மரம் ஏனுங்க மாமா இத்தன குட்டையா இருக்குது?"

"ஒட்டு ரகமுங்க மாப்ள."

"ஒரே கெளையில செந்தூராவும் தொங்குது, பங்கனபள்ளியும் தொங்குது?"

"அதானுங்க சொன்னேன், ஒட்டு."

"பழத்தச் சணல் போட்டுக் கட்டியிருக்குதே?"

"காத்து பலமுங்க இங்க. விழுந்துருமில்ல."

"பழத்து மேல கடை ஸ்டிக்கர் ஒட்டியிருக்குதே மாமா?"

அவர் அந்த ஸ்டிக்கரை வெகு நேரம் உற்றுப் பார்த்தார். "அது பூச்சி வராம இருக்கறதுக்குங்க" என்றார்.

கோபப்படுவதா, சிரிப்பதா என்று எனக்கே தெரியவில்லை. கோபப்படலாம் என்று நான் முடிவு செய்தபோது பக்கத்துக் காட்டு நஞ்சம்மாள் அக்கா தன் ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

"ஏனுங்க சென்னப்பண்ணா, என்ன இது கூத்து! நேத்து வரைக்கும் மொட்டப் பாறை, இன்னைக்குத் தோப்பு! எங்க அண்ணன் வூட்டு மரத்துல கெளையெல்லாம் வெட்டிக்கிட்டுப் போயிட்டாங்கன்னு அண்ணி ஒப்பாரி வெச்சுக்கிட்டுக் கெடக்குது. அது நீங்கதானா?"

"நஞ்சம்மா, ஆட்ட ஓட்டிக்கிட்டுப் போ மொதல்ல!"

போகுமா? பதினோரு ஆடுகளும் தோப்புக்குள் பாய்ந்தன. அந்தக் கரட்டில் அதுகள் பச்சையைக் கண்டு எத்தனை காலமாயிற்றோ! ஒரு கிடா முன் வரிசை மரத்தைக் கவ்வி ஒரு இழு இழுத்தது. மரம் அப்படியே வாயோடு வந்துவிட்டது. கிடா அதைத் தூக்கிக்கொண்டு ஓட, அதைப் பிடுங்க இரண்டு குட்டிகள் பின்னாலேயே ஓடின. பழம் பாறையில் டொக் டொக் என்று அடித்துக்கொண்டே போயிற்று.

"மாமா, உங்க மரம் நடந்து போகுது."

அவர் ஓடிப்போய் இன்னொரு மரத்தை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டார். அதையாவது காப்பாற்றலாம் என்று நினைத்தார் போல. அதுவும் பெயர்ந்து அவர் கையோடு வந்தது. கிளையைக் கட்டிப் பிடித்தபடி பாறை மேல் உட்கார்ந்துவிட்டார். நஞ்சம்மாள் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு ஆடுகளை ஓட்டிப் போனார். அந்தப் பக்கம் போனதும் அவர் சிரித்த சிரிப்பு இந்தப் பக்கம் நன்றாகவே கேட்டது.

"எரநூறு கன்னு வெச்சனுங்க மாப்ள" என்றார் மாமனார். "உங்க கல்யாணத்துக்கு மூணு வருசம் முன்னால. எண்ணூறு அடி போர் போட்டேன். மொதல்ல விரல் தண்டி தண்ணி வந்துது. ஒரே வருசந்தான். அப்புறம் புழுதி வந்துது. ஒரு மழ வந்து மேல் மண்ணையும் அடிச்சிக்கிட்டுப் போயிருச்சு. கன்னெல்லாம் என் கண்ணு முன்னாலயே கருகிப் போச்சு. அப்பறம் உங்க வூட்லருந்து பொண்ணு பாக்க வந்தாங்க. என்ன இருக்குதுன்னு கேட்டாங்க. வாய்ல அதுதானுங்க வந்துது."

"அப்போ நாலு வருசமா எனக்கு வந்த பழம்?"

"மண்டியில வாங்கறதுங்க. நல்ல பழமாத்தான் பாத்து வாங்குவேன்."

நான் படிவத்தை நீட்டினேன். வேறு என்ன செய்வது? என் வேலை அதில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. "நிலத்தின் தற்போதைய நிலை" என்ற இடத்தில் தரிசு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும் என்றேன். அவர் பேனாவை வாங்கினார், எழுத்துக்கூட்டிப் படித்தார், திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"கலெக்டர் ஆபீஸ்ல இத சத்தமாப் படிப்பாங்களா?"

"படிப்பாங்க."

"இண்டூர்க்காரனுங்க எல்லாம் அங்க வருவானுங்களா?"

"மனுப் போட்டவங்க வருவாங்க."

"அப்படின்னா முடியாதுங்க மாப்ள. ஊர்ல சும்மா பேசிக்கறது வேற, கவருமெண்டு எழுதிப் படிக்கறது வேற. மாப்ள வூட்ட ஏமாத்திக் கட்டிக்கிட்ட பொண்ணுன்னு எம் புள்ளையச் சொல்லுவாங்க. என்ன வேணா என்னச் சொல்லட்டும். புள்ளையச் சொல்லக் கூடாதுங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. கோபம்தான் என்று நினைத்துக்கொண்டு பைக்கை வேகமாக உதைத்தேன்.

வீட்டில் என் மனைவி மணிமேகலை துணி மடித்துக்கொண்டிருந்தாள். "தோப்பு எப்புடி இருந்துது?" என்றாள்.

"நல்லா இருந்துது."

"மரமெல்லாம் நிக்குதா? இல்ல, ஆடு தின்னுருச்சா?"

திரும்பிப் பார்த்தேன். அவள் துணியில் முகத்தைப் புதைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். நஞ்சம்மாள் அக்கா போன் பண்ணி எல்லாவற்றையும் சொல்லிவிட்டாராம்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"நான் பொறந்து வளந்த ஊருங்க அது. எனக்குத் தெரியாதா? அப்பாவுக்கு அதப் பத்திப் பேசறதுல ஒரு சந்தோசம், விட்டுட்டேன். ஆனா நீங்க இருக்கீங்களே! வெண்டக்காய ஒவ்வொண்ணா ஒடச்சுப் பாத்து வாங்கறீங்க. எங்கப்பா சொன்னத மட்டும் போய்ப் பாக்காம கவர்மென்ட் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டீங்களே. அவரு சொல்றத நானே நம்பமாட்டேன்."

நானும் ஒரு துணியை எடுத்து மடித்தேன். மாமனார் பேச்சை நம்பிய மாப்பிள்ளை என்று என்னைப் பாராட்டவும் ஆளில்லை.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் கூட்ட அறையில் உட்கார இடமில்லை. கூட்டத்தை நடத்திய அதிகாரி நிதானமான மனிதர். பெரிய திரையில் என் ஆரஞ்சு மாவட்டம் ஒளிர்ந்தது. மனுப் போட்ட விவசாயிகள் தங்கள் தங்கள் பாறையைத் தேடிப் பார்த்தார்கள். எல்லாம் மாந்தோப்பு.

"இந்த மேப்படி நாம எல்லாரும் மாம்பழ வியாபாரத்துக்குத்தான் போகணும்" என்றார் அதிகாரி. "மாந்தோப்புக்கு மாதிரிக் கட்டம் போட்டது யாரு?"

சந்தியா மேடம் என்னைப் பார்த்தார். கண்ணாடி அவர் கையில் இருந்தது. நான் எழுந்தேன். என் மாமனார் பொய் சொன்னார் என்று ஒரே வார்த்தை சொன்னால் போதும், பழி என் தலையிலிருந்து இறங்கிவிடும். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அப்போதுதான் கடைசி வரிசையில் அவரைப் பார்த்தேன். யாரும் கூப்பிடாமலே வந்து, வேட்டி நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நான்தான் சார் போட்டேன். நேர்ல போகாம உக்காந்த இடத்துலயே போட்டேன். தப்பு என்னோடது மட்டும்தான்."

"அந்த நிலத்துல என்னதான் இருக்குது? ஓனர் எழுதிக் குடுத்தாரா?"

"இல்லைங்க சார்."

"ஓனர் சொல்லாம எப்படி மாத்தறது? அப்ப இதே மேப்தானா?"

அறையில் ஒரே சலசலப்பு. மேடம் தலையைக் குனிந்துகொண்டார். சரி, வேலை போயிற்று, ஓமலூருக்கே போய் ஜெராக்ஸ் கடை வைக்கலாம் என்று நான் மனதுக்குள் கணக்குப் போட ஆரம்பித்தேன்.

"ஐயா!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். மாமனார் எழுந்து நின்றிருந்தார். "அவர உடுங்க. அது என் நெலமுங்க. தோப்பு கீப்பு ஒண்ணும் இல்லீங்க. நான் சொன்னது பொய்யி. எம் மாப்ள கிட்டயே நாலு வருசமாப் பொய் சொன்னேன். அவரு பாவம், நல்ல மனுசன், நம்பிட்டாரு."

"மாமா, நீங்க உக்காருங்க!" என்று கத்தினேன்.

"நீங்க உக்காருங்க மாப்ள!" என்று அவரும் கத்தினார்.

அதிகாரி என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "ரெண்டு பேர்ல யாரு தப்புன்னு எழுதிக்கட்டும்?" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. மாறாக, மூன்றாவது வரிசையில் ஒரு பெரியவர் மெதுவாக எழுந்தார். "ஐயா, வந்தது வந்துட்டேன், சொல்லிடறேன். என் மனுவுல நாப்பது புளியமரம்னு எழுதியிருக்குமுங்க. நாலுதானுங்க இருக்குது. சம்பந்தி வூட்டுக்குச் சொன்ன கணக்கு, அப்படியே எழுதிட்டேன்."

அவருக்கு இரண்டு ஆள் தள்ளி ஒருவர் தலையைச் சொறிந்துகொண்டு எழுந்தார். "நம்முளுதுல கெணறுன்னு போட்டிருக்குதுங்களே, அது கெணறு இல்லீங்க, குழி. மருமவன் எட்டிப் பாக்கக் கூடாதுன்னு மூடி போட்டு வெச்சிருக்கறேன்."

"தேக்குன்னு நான் எழுதினது வேலிக்காத்தான் முள்ளுங்க!" என்று ஜன்னல் பக்கத்திலிருந்து ஒரு அம்மா குரல் கொடுத்தார்.

அதற்குப் பிறகு அறையை அடக்க முடியவில்லை. தருமபுரி மாவட்டத்தில் பெண்ணைப் பெற்றவர்கள் அத்தனை பேரும் எழுந்து நின்றது போலிருந்தது. சந்தியா மேடம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஓடி ஓடி எழுதினார். மூன்று மாதம் வெயிலில் அலைந்தும் கிடைக்காத விவரம் அரை மணி நேரத்தில் கொட்டியது. "இளம்பரிதி, இதையெல்லாம் ஏத்தவே உங்களுக்கு இன்னும் ஆறு மாசம் ஆகும்" என்றார் என் காதருகே. என் கான்ட்ராக்ட் தொடரும் என்ற அர்த்தம் எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் பிடித்தது.

எல்லோரையும் வரிசையில் நிற்க வைத்தார்கள். மாமனார்தான் முதல் ஆள். படிவத்தில் தரிசு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார். அவர் நிலத்தின் மேல் நான் போட்ட கட்டத்தைத் திரையில் காட்டினேன்.

"என்னன்னு போடட்டுங்க மாமா?"

"பாறைன்னு போடுங்க" என்றார் சத்தமாக.

போட்டேன். கணினி கொஞ்ச நேரம் முக்கி முனகிக் கணக்குப் போட்டது. பிறகு, மாவட்டம் முழுக்க ஆரஞ்சு உதிர ஆரம்பித்தது. இண்டூரில் போயிற்று, நல்லம்பள்ளியில் போயிற்று, தொப்பூர் கணவாய் வரைக்கும் போயிற்று. மாமனார் வாயில் கை வைத்துக்கொண்டு பார்த்தார்.

"எத்தன ஏக்கரா தோப்பு மாப்ள! ஒரு நிமிசத்துல போயிருச்சே!"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவரும் சிரித்தார். ஆரஞ்சு போன இடங்களில் ஒவ்வொன்றாக வேறு நிறம் ஏறியது. அவருடைய நாலு ஏக்கரில் அது எல்லாவற்றையும்விட அழுத்தமாக ஏறியது. நல்ல வெயில், பக்கத்திலேயே சப்ஸ்டேஷன், ரோடு, மறைக்க ஒரு மரம்கூட இல்லை. மாவட்டத்திலேயே முதல் தரம்.

"அந்தக் கலர் என்னங்க மாப்ள?"

"சோலாருக்கு ஏத்த நெலம்னு அர்த்தமுங்க மாமா. பச்சை."

அவர் சிரிப்பதை நிறுத்திவிட்டார். திரைக்குப் பக்கத்தில் போய், தன் நிலத்தின் மேல் ஒரு விரலை வைத்தார்.

"நம்ம காட்டுல பச்சையப் பாத்து ஆறு வருசமாச்சுங்க" என்றார். பின்னால் நின்றவர்கள் நேரமாகிறது என்று சத்தம் போட்டார்கள். அவர் விரலை எடுக்கவில்லை. நானும் எடுக்கச் சொல்லவில்லை.